வெள்ளைப் பாய் சொல்லாமல் வலை இறங்காது: கிளாடா மீனவர் கிராமத்தின் கதை

கிளாடா என்றால் பலருக்கும் மோதிரம்தான் நினைவுக்கு வரும். இரண்டு கைகள் ஓர் இதயத்தை ஏந்தியிருக்கும், இதயத்தின் மேல் ஒரு கிரீடம். அயர்லாந்துக்குப் போய்வந்தவர்கள் வாங்கிவரும் பொருட்களில் அதற்கு எப்போதும் இடம் உண்டு. அந்த மோதிரத்துக்குப் பெயர் கொடுத்த ஊர் ஒரு மீனவர் குப்பம் என்பதும், அந்தக் குப்பம் ஒரு விரிகுடா முழுவதையும் எழுதாச் சட்டத்தால் ஆண்டது என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இந்தப் பதிவு அந்தச் சட்டத்தையும், அதைத் தாங்கிய படகையும், இரண்டும் எப்படித் தளர்ந்தன என்பதையும் பற்றியது. மோதிரத்துக்கும் ஓர் இடம் உண்டு, கொஞ்சம் பின்னால்.

முதலில் இடம். அயர்லாந்தின் மேற்குக் கரையில் கால்வே நகரம். காரிப் ஆறு நகரைத் தொட்டுக்கொண்டு கடலில் விழுகிறது. ஆற்றின் கிழக்குக் கரையில் வணிகர்கள் மதில் கட்டிக்கொண்டு வாழ்ந்தார்கள். 13ஆம் நூற்றாண்டில் எழத் தொடங்கிய மதில் அது. 1584இல் அதை நீட்டிக் கட்டிய பகுதியில் மிஞ்சியதைத்தான் இன்று ஸ்பானிஷ் ஆர்ச் என்கிறார்கள். அந்த வளைவின் கீழ் நின்று ஆற்றுக்கு அப்பால் பார்த்தால் தெரிவது கிளாடா. ஐரிஷ் மொழியில் ‘அன் கிலாதக்’, கல் நிறைந்த கடற்கரை என்று பொருள். மதிலுக்கு வெளியே, மேற்குக் கரையில் கிடந்த தாழ்ந்த நிலம். நகரத்துக்குள் ஆங்கிலம் பேசினார்கள், இங்கே ஐரிஷ். நகரத்தார் கப்பலில் ஒயினும் தோலும் ஏற்றி இறக்கினார்கள், இவர்கள் மீன் பிடித்தார்கள். பெண் கொடுத்ததும் எடுத்ததும் பெரும்பாலும் ஊருக்குள்ளேயேதான். சீதனமாகப் படகையோ படகில் ஒரு பங்கையோ கொடுக்கும் வழக்கம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 400க்கும் மேற்பட்ட கூரை வீடுகள் இங்கே இருந்தன.

ஐரிஷ் கரையோரத்தில் மற்ற ஊர்க்காரர்கள் பெரும்பாலும் பாதி விவசாயி, பாதி மீனவர். உருளைக்கிழங்கு நட்டுவிட்டுக் கடலுக்குப் போவார்கள். கிளாடாக்காரர்கள் மண்வெட்டி பிடிப்பதில்லை. உழவை அவர்கள் தங்கள் தொழிலாக நினைக்கவே இல்லை. உருளைக்கிழங்கானாலும் விறகானாலும் மீன் விற்ற காசில்தான் வாங்கினார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் பஞ்சத்தில் நடந்தது புரியும்.

விரிகுடாவைப் பற்றி. கால்வே விரிகுடா ஏறக்குறைய 50 கிலோமீட்டர் நீளம். வாயில் மூன்று அரன் தீவுகள் குறுக்கே கிடந்து அட்லாண்டிக்கின் அலையைக் கொஞ்சம் தடுக்கின்றன. அங்கே பெரும்பாலும் தென்மேற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும்தான் காற்று. அதாவது வெளியே போவது காற்றை எதிர்த்து, திரும்பி வருவது காற்றோடு. திரும்பி வருவது சுலபம் என்று தோன்றும். புயலில் அதுவே ஆபத்து, காற்று படகைக் கரையை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். ஓதம் என்பது கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம். இங்கே பெரிய ஓதத்தில் நீர்மட்டம் நான்கரை மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். நீர் இறங்கும் வற்றம் முழுமையானால் சிறு துறைகளில் படகுகள் சேற்றில் உட்கார்ந்துவிடும். எனவே எப்போது கிளம்புவது, எப்போது திரும்புவது என்பதில் மனிதனைவிட ஓதத்துக்கே அதிகாரம்.

இந்தக் கடலுக்கென்று உருவானது கால்வே ஹூக்கர் என்ற பாய்மரப் படகு. ஹூக்கர் என்ற பெயர் தூண்டில் போட்டு மீன்பிடித்த டச்சுப் படகுகளின் பெயரிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். நான்கு வகை உண்டு. பெரியது ‘பாட் மோர்’, 35 முதல் 44 அடி, 12 முதல் 15 டன் சரக்கு ஏற்றும். அடுத்தது 30 அடி அளவில் ‘லாவாட்’, பாதிப் படகு என்று பொருள். அதற்கும் சிறியது ‘க்ளோசோக்’, 24 முதல் 28 அடி. ‘பூக்கான்’ அதே அளவுதான், ஆனால் பாயின் வெட்டு வேறு. மற்ற மூன்றுக்கும் ஒரே பாய்மரம், மூன்று பாய்கள். பெரிய பாய் பின்னால், முன்னால் இரண்டு முக்கோணப் பாய்கள், அவற்றில் ஒன்று அணியத்திலிருந்து, அதாவது படகின் முன்முனையிலிருந்து, நீண்டு நிற்கும் கழியின் நுனிவரை போகும். பூக்கானில் பெரிய பாய் பருமல் என்ற சாய்ந்த குறுக்குக் கழியில் தொங்கும். திசை மாற்றும்போது அந்தப் பருமலையே பாய்மரத்தின் மறுபக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டும். குறுகலான நீரில் அது கடினமான வேலை, கை தெரிந்த ஆள் வேண்டும்.

ஹூக்கரின் உடலைப் பக்கவாட்டில் பார்ப்பதைவிட பின்னாலிருந்து பார்க்க வேண்டும். நீர்மட்டத்தில் வயிறு புடைத்திருக்கும், மேலே வரவர விலாப்பக்கம் உள்நோக்கி வளையும், ஒரு குடத்தின் தோள் போல. வயிற்றின் அகலம் சாயாமல் நிற்க உதவும், சரக்குக்கும் இடம் தரும். மேலே ஒடுங்குவதால் உச்சியில் வீண் கனம் இல்லை. அணியம் கத்தி போலக் கூர்மை, விரிகுடாவின் குட்டையான, நெருக்கமான அலையை வெட்டிக்கொண்டு போகும். முன்பக்கம் மட்டும் தளம் போட்டிருக்கும், அதன் அடியில் ஒரு சிறிய அறை, தீ மூட்டிச் சமைக்க ஓர் அடுப்பு. பின்பக்கம் திறந்தே கிடக்கும்.

கட்டுகிறவர்கள் வரைபடம் வைத்துக்கொண்டு கட்டவில்லை. கண் அளவு, அப்பாவிடமிருந்து வந்த விகிதம், அவ்வளவுதான். வங்குகளுக்கு, அதாவது படகின் விலாச்சட்டங்களுக்கு, ஓக் மரம். நேரான மரத்தை வளைப்பதில்லை, வளைந்தே வளர்ந்த கிளையைத் தேடிப்பிடித்து வெட்டுவார்கள். நேரான பலகையிலிருந்து வளைவாக அறுத்தால் மரத்தின் நார் குறுக்கே வெட்டுப்படும், அடி விழுந்ததும் அந்த இடத்தில் பிளக்கும். இயற்கையாக வளைந்த கிளையில் நார் வளைவோடு ஓடுகிறது. பலகைகளுக்கு லார்ச் மரம், அதில் பிசின் அதிகம், ஈரத்தைத் தாங்கும். பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் விளிம்போடு விளிம்பாகச் சேரும். இடைவெளியில் தார் ஊறிய சணல் நாரை உளியால் அடித்து இறக்கி, மேலே கீல் உருக்கி ஊற்றுவார்கள். நம் கரையில் கலப்பத்து என்று சொல்லும் அதே வேலை. வெளிப்புறம் முழுக்கக் கறுப்புத் தார்.

கலப்பத்தில்தான் புதியவர்கள் படகைக் கெடுக்கிறார்கள். கரையில் ஏற்றி வைத்த படகில் வெயில் பட்டு, பலகை சுருங்கி, இடுக்கு விரிந்திருக்கும். அதைப் பார்த்துப் பயந்து நாரை இறுக இறுக அடித்து நிரப்பினால், தண்ணீரில் இறக்கியதும் மரம் ஊறிப் பருக்கும், போக இடம் இருக்காது. அந்த அழுத்தத்தில் ஆணிகள் இழுபடும், வங்கே விரிசல் விடும். தெரிந்தவர்கள் அளவாக அடித்துவிட்டு, இறக்கிய பிறகு சில நாள் கசியவிட்டு, இறைத்துக்கொண்டே காத்திருப்பார்கள். மரம் தானே மூடிக்கொள்ளும். இன்னொன்று, மரத்தை உளுக்க வைப்பது மழைநீர்தான், கடல்நீர் அல்ல. தளத்தின் விளிம்பிலும் வங்குகளின் தலையிலும் நன்னீர் தேங்கி நின்றால் அங்கேதான் முதலில் மக்கும். வெளியே பளபளவென்று தார் பூசிய படகின் உள்ளே வங்குத்தலையை ஒரு கத்திமுனையால் குத்திப் பார்க்காமல் யாரும் விலை பேச மாட்டார்கள்.

அடிப்பாரத்துக்குக் கற்கள். அதைச் சும்மா கொட்டினால் போதாது, ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும்படி அடுக்க வேண்டும். பலத்த காற்றில் படகு சாயும்போது கல் சரிந்து ஒருபக்கம் போய்விட்டால் படகு மறுபடி நிமிராது. பின்பக்கம் திறந்த படகு என்பதால் ஒரு பெரிய அலை உள்ளே ஏறினாலும் அதே கதி. மரம் மிதக்கும் என்ற நம்பிக்கை கல் ஏற்றிய படகுக்குப் பொருந்தாது, நேராக அடிக்குப் போகும். சரியான நேரத்தில் பாயைச் சுருக்குவதுதான் ஒரே காப்பு.

பாய்த்துணி பருத்தி, காலிகோ. அந்தப் பெயர் கோழிக்கோட்டிலிருந்து கிளம்பியது. பருத்தியை ஈரத்தோடு சுருட்டி வைத்தால் சில நாளிலேயே பூஞ்சணம் பிடிக்கும். அதற்காக ஓக் பட்டையைக் கொதிக்க வைத்த சாற்றில் ஊற வைப்பார்கள். தாரும் வெண்ணெயும் கலந்து தேய்த்ததாகவும் கால்வேப் பக்கம் சொல்வார்கள். 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டன், அயர்லாந்துக் கரைகளில் பட்டையின் இடத்துக்கு இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் காசுக்கட்டி வந்து சேர்ந்தது. வெற்றிலையோடு மெல்லுகிற அதே காசுக்கட்டிதான். அதில் இருக்கும் துவர்ப்புப் பொருள் பூஞ்சணத்தையும் நுண்ணுயிரையும் அண்டவிடாது. நம் கரையில் நூல்வலைக்குப் பனிச்சங்காய்ச் சாறு ஏற்றியதும் இதற்காகத்தான். ஒருமுறை ஏற்றினால் தீராது, உப்புநீரில் கழுவிக்கொண்டே போகும், திரும்பத் திரும்ப ஊற வைக்க வேண்டும். அப்படி ஊறி ஊறித்தான் ஹூக்கர் பாய்க்கு அந்தச் செங்காவி நிறம் வந்தது. அழகுக்காகப் பூசிய வண்ணம் இல்லை அது.

இப்போது அந்தச் சட்டத்துக்கு வருகிறேன். இத்தனை செங்காவிப் பாய்களுக்கு நடுவே ஒரே ஒரு படகில் மட்டும் வெள்ளைப் பாயும், பாய்மர உச்சியில் கொடியும் இருக்கும். அது கிளாடாவின் தலைவனுடைய படகு. அட்மிரல் என்றும், மேயர் என்றும், பிற்காலத்தில் ராஜா என்றும் அவரை அழைத்தார்கள். அவர் பரம்பரைப் பிரபு அல்ல, மற்றவர்களைப் போல வலை இழுக்கும் மீனவர்தான். ஊராரே அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். புனித யோவான் திருநாளையொட்டி, ஜூன் இறுதியில், நெருப்பு மூட்டி, ஊர்வலம் போய்க் கொண்டாடினார்கள். ஊருக்குள் வரும் வழக்குகளை அவரே தீர்த்தார், நகரத்து நீதிமன்றப் படியை மிதிப்பது கௌரவக் குறைவாக இருந்தது.

ஆனால் அவருடைய உண்மையான வேலை கடலில். ஹெர்ரிங் மீன், நம்முடைய மத்திச்சாளையின் உறவு, கூட்டம் கூட்டமாக விரிகுடாவுக்குள் வரும். பகலில் ஆழத்தில் கிடந்து இரவில் மேலே எழும்பும். நீரில் திரைபோலத் தொங்கும் வலையைப் போடுவார்கள், மேலே மிதவை, கீழே பாரம். மேலெழும் மீன் தலையை நுழைத்துச் செவுளில் மாட்டிக்கொள்ளும். இந்த முறையில் ஒரு சிக்கல் இருக்கிறது. நூறு படகு காத்திருக்கும்போது ஒருவன் முந்திக்கொண்டு வலை இறக்கினால் அவனுக்கு நல்ல மீன்பாடு கிடைக்கும், ஆனால் சத்தத்தில் மீன்கூட்டம் கலைந்து ஆழத்துக்கு இறங்கிவிடும். மற்ற தொண்ணூற்றொன்பது படகுக்கும் அன்றிரவு வெறும் வலை. அடுத்த நாள் ஒவ்வொருவனும் முந்தப் பார்ப்பான். இரண்டே வாரத்தில் மீன்கூட்டம் விரிகுடாவை விட்டே போய்விடும்.

அதனால் ஒழுங்கு இப்படி. படகுகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்ப வேண்டும். மீன் இருக்கும் இடத்துக்கு வந்ததும் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. வெள்ளைப் பாய்ப் படகிலிருந்து சைகை வரும்வரை காத்திருக்க வேண்டும். சைகை வந்ததும் எல்லா வலையும் ஒரே நேரத்தில் இறங்கும். செங்காவிக் கூட்டத்தில் அந்தி வெளிச்சத்திலும் தெரிவது வெள்ளை மட்டுமே. துவர்ப்பு ஏற்றாத துணி சீக்கிரம் மக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும், சைகைக்காக அந்தச் செலவை ஏற்றுக்கொண்டார்கள் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

மீறினால்? வலை அறுபடும். வெளியூர்ப் படகு ஒழுங்கை மதிக்காமல் வந்தால் படகும் உடைபடும். இது நகரத்து அதிகாரிகளுக்கும் வணிகர்களுக்கும் பெரிய எரிச்சல். அந்தக் காலத்து ஆவணங்களில் கிளாடாக்காரர்களைப் பிடிவாதக்காரர்கள், மூடநம்பிக்கைக்காரர்கள், சோம்பேறிகள் என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். கடலுக்குப் போகும் வழியில் நரியைப் பார்த்தால் திரும்பிவிடுவார்கள் என்பதும், ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகமாட்டார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் வலை இறக்கும் ஒழுங்கை அந்தப் பட்டியலில் சேர்த்தது அநியாயம். ஒரு பொதுச்சொத்தை அரசாங்கம் இல்லாமல், காகிதம் இல்லாமல் காத்த ஏற்பாடு அது. கிளாடாவின் பெயரை உலகம் ஒரு விஷயத்துக்காக நினைவில் வைக்க வேண்டுமென்றால் மோதிரத்துக்கு முன்னால் இது வர வேண்டும்.

மீன் கரைக்கு வந்ததும் ஆட்சி மாறும். பெண்கள் கூடையில் அள்ளிக்கொண்டு ஆற்றைத் தாண்டி ஸ்பானிஷ் ஆர்ச் பக்கத்து மீன்சந்தையில் விற்றார்கள். நீல மேலங்கியும் சிவப்புப் பாவாடையுமாக அவர்கள் தோற்றம் பழைய புகைப்படங்களிலும் குறிப்புகளிலும் பதிவாகியிருக்கிறது. விலை பேசுவது, காசு வாங்குவது, வீட்டுச் செலவு, வலைக்கு நூல் வாங்கப் பணம், எல்லாம் அவர்கள் கையில். ஆண் கடலை ஆண்டான் என்றால் பெண் காசை ஆண்டாள்.

மோதிரம் இங்கேதான் நுழைகிறது. ரிச்சர்ட் ஜாய்ஸ் என்ற கால்வேக்காரர் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போகும் வழியில் 1675 வாக்கில் அல்ஜீரியக் கடற்கொள்ளையரிடம் பிடிபட்டு, ஒரு பொற்கொல்லரிடம் அடிமையாக விற்கப்பட்டார், 1689இல் மூன்றாம் வில்லியம் மன்னர் காலத்தில் விடுதலையாகி ஊர் திரும்பிக் கடை வைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. அவருடைய எழுத்து முத்திரை பதிந்த பழைய மோதிரங்கள் கிடைத்திருக்கின்றன. இரு கைகள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் மோதிர வடிவம் ஐரோப்பாவில் அதற்கும் மிக முந்தையது. கிளாடாப் பெண்களுக்கு அது திருமண மோதிரமும் சேமிப்பும் சேர்ந்த ஒன்று. தாயிடமிருந்து மகளுக்குப் போகும், கைப்பணம் இல்லாத குளிர்காலத்தில் அடகுக்கடைக்குப் போகும். ‘கிளாடா மோதிரம்’ என்ற பெயரே 19ஆம் நூற்றாண்டில்தான் நிலைத்தது. வலக்கையில் இதயத்தின் நுனி வெளிப்பக்கம் பார்த்தால் துணை இல்லை, உள்பக்கம் பார்த்தால் மனம் கொடுத்தாயிற்று, இடக்கையில் உள்பக்கம் பார்த்தால் திருமணம் ஆயிற்று என்று அணியும் முறை இன்று எல்லாக் கடைகளிலும் சொல்லித் தரப்படுகிறது.

இனி பஞ்சம். 1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. அதைப் படிக்கும் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: கடல் நிறைய மீன் இருக்க, கரையோரத்து மக்கள் ஏன் பட்டினி கிடந்தார்கள்? கிளாடாவை வைத்து இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லலாம்.

இவர்கள் படகு விரிகுடாவுக்கு அளந்து கட்டியது. ஹெர்ரிங் உள்ளே வராத ஆண்டு, அட்லாண்டிக்கின் ஆழத்துக்குப் பின்பக்கம் திறந்த படகில் குளிர்காலத்தில் போக முடியாது. மீன் கிடைத்தாலும் வாங்க ஆள் வேண்டும். மீனை வாங்கியவர்களும் உருளைக்கிழங்கை நம்பியிருந்த ஏழைகள்தான், அவர்கள் கையில் காசு இல்லை. ஹெர்ரிங் எண்ணெய் மிகுந்த மீன், ஒரே நாளில் கெடும். உப்பிட்டு வைக்க உப்பு வாங்கப் பணம் வேண்டும். டப்ளின் சந்தைக்கு அனுப்ப ரயில் கிடையாது, கால்வேக்கு ரயில் வந்தது 1851இல். இதற்கிடையே உணவு விலை ஏறிக்கொண்டே போனது. கையில் நிலமும் இல்லை. விற்க மிஞ்சியிருந்தது ஒன்றுதான், வலையும் கயிறும். அவை அடகுக்கடைக்குப் போயின. வலை அடகில் இருக்கும்போது ஹெர்ரிங் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன.

1847 ஜனவரியில், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் நிவாரணக் குழு சார்பில் வில்லியம் ஃபார்ஸ்டர் கிளாடாவுக்கு வந்து நிலைமையைக் கண்டு எழுதினார். குவேக்கர்கள் செய்த உதவியில் மிக நேரான ஒன்று, மீனவர்களுக்குச் சிறு கடன் கொடுத்து அடகிலிருந்த வலைகளை மீட்டுத் தந்தது. சோறு போட்டால் ஒரு நாள், வலையை மீட்டால் அடுத்த ஓதத்திலிருந்து அவர்களே சம்பாதிப்பார்கள். சங்கிலியில் அறுந்த கண்ணி எது என்று சரியாகப் பார்த்த உதவி அது. இருந்தும் பலர் மாண்டார்கள், பலர் கப்பலேறினார்கள். போகும்போது விற்றுவிட்டுப் போன மோதிரங்கள் பல உருக்கப்பட்டன. மிஞ்சியவை கடல் கடந்து போனதால்தான் மோதிரத்தின் பெயர் அமெரிக்காவில் பரவியது.

கிராமத்தின் ஆன்மிகத் தூணாக இருந்தது டொமினிக்கன் என்ற கத்தோலிக்கத் துறவியர் சபை. 1488 முதல் அவர்கள் இங்கே இருக்கிறார்கள். 1846இல், பஞ்சம் தலைதூக்கிய அதே சமயத்தில், அவர்கள் ஒரு மீன்வளப் பள்ளி தொடங்கினார்கள். பிள்ளைகளுக்கு எழுத்தோடு வலை பின்னலும் கற்றுத்தரும் நோக்கம். அந்தக் கட்டடம் தேவாலயத்தின் அருகே இன்றும் நிற்கிறது. ஹெர்ரிங் பருவம் தொடங்கும் முன் குருவானவர் படகில் ஏறி விரிகுடாவை மந்திரிக்கும் சடங்கும் இவர்களுடையதே. சுற்றிலும் படகுகள் நிற்க, கடல்நீரை ஆசீர்வதிப்பார். ஆகஸ்ட் நடுவில் இப்போதும் நடக்கிறது.

பஞ்சத்துக்குப் பிறகு வந்தவை மெதுவாக அரித்தன. இழுவலைப் படகுகள் விரிகுடாவுக்குள் நுழைந்தபோது, அடியைச் சுரண்டிச் சினைமீனை அழிக்கிறது என்று கிளாடாக்காரர்கள் எதிர்த்தார்கள், தாக்கவும் செய்தார்கள். 1863இல் அமைந்த, உயிரியலாளர் டி. ஹெச். ஹக்ஸ்லி உறுப்பினராக இருந்த அரச ஆணையம் பல துறைமுகங்களில் இதே புகாரைக் கேட்டது. 1866 அறிக்கையில், கடல் மீன்பிடிப்புக்கு இருந்த கட்டுப்பாடுகளை நீக்கலாம் என்று பரிந்துரைத்தது. கடல்மீன் தீராது என்ற அன்றைய நம்பிக்கை பின்னால் பொய்த்துப்போனது உலகமே அறிந்தது. படிப்பில்லாதவர்களின் பிடிவாதம் என்று ஒதுக்கிய பேச்சில் ஞாயம் இருந்தது. முறைப்படி காத்திருப்பவனுக்கும், நீராவியில் வந்து வாரிக்கொண்டு போகிறவனுக்கும் ஒரே கடல் என்றால் வெள்ளைப் பாயின் சைகைக்கு என்ன மதிப்பு? 20ஆம் நூற்றாண்டில் ராஜா என்பது வெறும் மரியாதைப் பட்டமாகச் சுருங்கியது.

1930களில் வீடுகளும் போயின. ஒழுங்கில்லாமல் சிறு திடல்களைச் சுற்றி அமைந்த, வைக்கோல் வேய்ந்த, சுண்ணாம்பு அடித்த வீடுகள் அவை. ஓவியர்களுக்குக் கண்ணுக்கினியவை, குடியிருந்தவர்களுக்கு அப்படி இல்லை. ஆற்றுமுகத்தின் தாழ்ந்த நிலம், மண் தரை, வடிகால் இல்லை. பெரிய ஓதத்தில் நிலத்தடி நீர் ஏறித் தரை நனையும். ஒரே அறையில் பலர் படுத்த ஈரவீடுகளில் காசநோய் பரவியது. நகராட்சி எல்லாவற்றையும் இடித்துவிட்டு வரிசையாகக் கான்கிரீட் வீடுகள் கட்டிக் கொடுத்தது. புகைப்படங்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்கள் அந்தத் தரையில் ஒரு குளிர்காலம் படுத்திருக்க மாட்டார்கள். வடிகாலும் உலர்ந்த தரையும் தேவைதான். ஆனால் ஒரு மாதிரிக்குக்கூட நாலைந்து வீட்டைப் பழுதுபார்த்து நிறுத்தாதது பெரிய இழப்பு.

மிஞ்சியது படகு. அதுவும் மயிரிழையில்தான். மேற்கே கானமாராவிலிருந்து கரிநிலக் கட்டியை, அதாவது எரிக்கும் மக்கு மண்ணை, மரமே இல்லாத அரன் தீவுகளுக்கும் தென்கரைக்கும் ஏற்றிப்போவது ஹூக்கர்களின் கடைசி வேலையாக இருந்தது. எரிவாயு உருளை தீவுகளுக்கு வந்ததும் அந்த வேலையும் தீர்ந்தது. வேலையில்லாத மரப்படகு வேகமாகச் சாகும். ஊறிக்கொண்டிருந்த பலகை கரையில் கிடந்து வெடிக்கும், மழை தேங்கி வங்கு மக்கும். 1970களில் பலர் மக்கிக் கிடந்த படகுகளைத் தேடி வாங்கிச் செப்பனிடத் தொடங்கினார்கள். 1978இல் ஹூக்கர் சங்கம் உருவானது. 1979 முதல் தென்கரையில் கின்வாரா துறையில் ஆகஸ்ட் மாதம் ‘க்ரின்யூ ந மாட்’, படகுகளின் கூடுகை, நடக்கிறது. பழைய கரிநிலக் கட்டிப் பயணத்தை நினைவுபடுத்தும் ஓட்டமும் அதில் உண்டு. கிளாடாவிலும் உள்ளூர்க்காரர்கள் சேர்ந்து பழைய படகுகளைப் புதுப்பித்து, இளைஞர்களுக்குப் பாயேற்றவும் கலப்பத்துப் பார்க்கவும் கற்றுக்கொடுக்கிறார்கள். புதுப்பித்தல் என்று சொன்னாலும் பல படகுகளில் ஏரா என்ற அடிமரத்தையும் சில வங்குகளையும் தவிர மற்றதெல்லாம் புது மரம்தான். ஒவ்வொரு பழைய துண்டையும் கழற்றி அச்சு எடுத்து அதே வடிவில் புதியதை வைப்பார்கள், அளவு படகில்தானே இருக்கிறது, காகிதத்தில் இல்லையே.

போகிறவர்களுக்குச் சில குறிப்பு. ஸ்பானிஷ் ஆர்ச்சிலிருந்து பாலம் கடந்தால் ஐந்து நிமிடத்தில் கிளாடா துறை. அன்னப்பறவைகள் கூட்டமாக மிதக்கும் நீர்நிலை அது. தொடர்ந்து கடலை நோக்கி நடந்தால் 19ஆம் நூற்றாண்டில் பொறியாளர் அலெக்சாண்டர் நிம்மோவின் பெயரில் எழுந்த கல்பாலத் துறை, அதன் முனையிலிருந்து மட்டன் தீவின் கலங்கரை விளக்கம் தெரியும். ஆற்றின் எதிர்க்கரையில் வண்ணவண்ண வீட்டு வரிசை லாங் வாக். துறையில் கட்டிக் கிடக்கும் கறுப்புப் படகுகளைப் பார்க்கும்போது பின்னால் போய் நின்று அந்தக் குடத்தோள் வளைவைப் பாருங்கள். பாய் விரித்துப் பார்க்க வேண்டுமென்றால் கோடையில் போக வேண்டும், குளிர்காலத்தில் பாய் கழற்றி உலர வைத்திருப்பார்கள். கின்வாராவுக்குப் போவதாக இருந்தால் முதலில் ஓத அட்டவணையைப் பார்த்துவிடுங்கள். அங்கே துறை வற்றத்தில் காய்ந்துவிடும், படகுகள் பெருக்கோடுதான் உள்ளே வரும்.